வேதக்கோயில் தெருவில் தீர்ந்துபோன மாத்திரைகள்

போன மாதம் செல்வி போன் செய்தாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற துணை சுகாதார நிலையத்தில் இப்போது அவள்தான் நர்ஸ். எதற்கெடுத்தாலும் என்னைக் கேட்பாள். "எனக்குப் பென்ஷன் குடுத்து வீட்டுக்கு அனுப்பியாச்சு ஆத்தா, என்னைய விடு" என்று ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

"அக்கா, ஒரு திருநங்கை வந்துருக்காங்க. சின்ன வயசு. கருத்தடை மாத்திரை குடுங்கன்னு கேக்குறாங்க. குடுக்கலாமா?"

அடுப்பில் பால் பொங்க இருந்தது. இறக்கி வைத்தேன். அன்றைக்குத் திட்ட வாய் வரவில்லை.

"குடுக்காத. ஆனா இல்லைன்னு சொல்லித் தொரத்தியும் விட்றாத. உக்கார வையி. பேரு என்னன்னு கேட்டியா?"

"இல்லக்கா."

"மொதல்ல பேரக் கேளு."

"சரிக்கா. கூட அமலா அக்காதான் கூட்டிட்டு வந்துருக்காங்க. அவங்கதான் ஒங்களுக்குப் போன் போடச் சொன்னாங்க."

அமலாவின் பெயரைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். செல்விக்குப் போனில் சொன்ன பதில் நாலு வார்த்தைதான். முழுப் பதில் இதுதான்.

நான் உத்தரகோசமங்கைப் பக்கத்து ஆள். எங்கள் வீட்டில் நெல்லும் மிளகாயும்தான் பேச்சு. எழுபத்து நாலில் வேலை உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு பாம்பன் பாலத்தில் ரயிலில் போனபோதுதான் கடலை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். அதற்கு முந்தைய பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிரசவம் பார்க்கக் கற்றுக்கொண்டேன், ஊசி போடக் கற்றுக்கொண்டேன், மேலே உள்ளவர்கள் கத்தும்போது தலையைக் குனிந்து நிற்கக் கற்றுக்கொண்டேன். வேலையில் அதிகம் உதவியது கடைசியாகச் சொன்னதுதான்.

அக்காள்மடத்துக்குப் பக்கத்தில், கடலை ஒட்டி ஒரு தெரு என் பொறுப்பில் இருந்தது. வேதக்கோயில் தெரு என்போம். எல்லாம் கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள். நகரை மீனுக்கும் பாறை மீனுக்கும் வித்தியாசம் தெரியாத நர்சு என்று என்னைக் கேலி செய்து சிரிப்பார்கள். ஆனால் பிரசவ வலி வந்துவிட்டால் என்னைத் தவிர வேறு யாரையும் தேட மாட்டார்கள். அந்தத் தெருப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் என் கையில் விழுந்தவைதான்.

எங்கள் வேலையில் உயிரை எடுத்தது டார்கெட். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் இத்தனை, மாத்திரை இத்தனை என்று மாதாமாதம் கேட்பார்கள். மாத்திரை அட்டையில் மூன்று வாரத்துக்கு வெள்ளை மாத்திரை, கடைசி வாரத்துக்குப் பழுப்பு நிறத்தில் இரும்புச்சத்து மாத்திரை. வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, தினம் ஒன்று போடச் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டுத் தலையாட்டுவார்கள். மற்றத் தெருக்களில் அந்த மாத்திரைகள் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒருத்தி நன்றாகப் பூக்கட்டும் என்று மல்லிகைச் செடிக்குப் போட்டாள். இன்னொருத்தி, "அவருதான நர்சம்மா காரணம்?" என்று கேட்டுவிட்டுப் புருஷனுக்கே கொடுத்தாள். வேதக்கோயில் தெருவில் மட்டும் மாத்திரை மளமளவென்று போகும். அடுத்த முறை எப்போது வரும் என்று அவர்களே கேட்பார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

டாக்டர் வசந்தகுமாரி எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தது, பாம்பனில் ரோட்டுப் பாலம் திறந்து சில காலம் ஆன பிறகு. சத்தம் போடத் தெரியாத டாக்டர். கோபம் வந்தால் "அப்படியா?" என்பார், அவ்வளவுதான். அதற்கு முன்னால் இருந்தவர் வாய்க்கு வந்தபடி ஏசுவார், அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இந்த அம்மாளின் "அப்படியா"வைத்தான் தாங்க முடியாது. கைப்பையில் எப்போதும் ஒரு தையல்காரர் டேப் இருக்கும், பிள்ளைத்தாய்ச்சிகளின் வயிற்றை அளக்க. "பார்த்தா ஏழு மாசம் இருக்கும் டாக்டர்" என்று நான் அனுபவசாலியாகச் சொன்னால், பதில் பேசாமல் டேப்பை என் பக்கம் நீட்டுவார். அளந்துவிட்டுத்தான் பேச வேண்டும். நோயாளி உட்காராமல் தான் உட்கார மாட்டார். முதல் கேள்வி எப்போதும் பெயர்தான். என்ன செய்கிறது என்பதெல்லாம் அப்புறம்.

மாதக் கூட்டம் ஒன்றில் என்னைக் கூப்பிட்டார்.

"முத்துலட்சுமி, உங்க வேதக்கோயில் தெருவுல மாத்திரை தீர்ற மாதிரி வேற எங்கயும் தீரல."

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

"பிள்ளை பொறக்குற மாதிரியும் வேற எங்கயும் பொறக்கல."

"மாத்திரையெல்லாம் ஒழுங்காத்தான் போடுறாங்க டாக்டர்."

"அப்படியா?"

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கருவாடு காயப்போடும் இடத்துக்குப் போனேன். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மீனைக் கீறி உப்பு வைத்துக்கொண்டிருந்தார்கள். மாத்திரையெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டேன். ஒருத்தரும் நிமிரவில்லை. கடைசியில் லூர்தம்மாள்தான் வாயைத் திறந்தாள். நான்கு பிள்ளை பெற்றவள். தெருவில் அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

"கோவிச்சுக்கிறாதீங்க நர்சம்மா. மாத்திரை போட்டாப் பாவம்னு பூசையில சாமியாரு சொல்லிட்டாரு. போட்டா பாவசங்கீர்த்தனத்துல அவருகிட்டயே போயிச் சொல்லணும். அதுக்காக ஒங்ககிட்ட வேணாம்னு சொல்ல மனசு வருமா? எம்புட்டுப் பிரசவம் பாத்துருக்கீக."

"அப்ப எல்லாத்தையும் கடல்ல போட்டீகளா?"

"மருந்த ஆராச்சும் கடல்ல போடுவாகளா? அமலாட்ட குடுத்துருவோம். எங்களுக்கும் பாவம் இல்ல, அதுக்கும் ஆச்சு."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அமலா லூர்தம்மாளின் இரண்டாவது பிள்ளை. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அமல்ராஜ். சில வருடம் மீன்பிடி போட்டுக்குப் போய், அங்கே ஆண்களின் கேலியும் கையும் பொறுக்க முடியாமல் நின்றுவிட்டு, கரையில் பெண்களோடு கருவாட்டு வேலைக்கு வந்து சேர்ந்தவள். அவளைப் போன்றவர்களைச் சொல்ல ஊரில் அப்போது இருந்த சொற்களை இங்கே எழுத எனக்கு இஷ்டமில்லை. திருநங்கை என்ற சொல் எங்கள் பக்கம் வந்து சேர எவ்வளவோ காலமானது. அந்தத் தெருப் பெண்கள் அவளை அமலா என்றே கூப்பிட்டார்கள். அந்த மட்டில் அவர்கள் நல்லவர்கள்.

தொளதொள சட்டையும் கைலியுமாக வந்து நின்றாள். தனியே அழைத்துப்போய்க் கேட்டேன்.

"மதுரையில எங்காளுக இருக்குற வீட்டுக்கு ஒரு தடவ போனேன் நர்சம்மா. இந்த மாத்திரையில பொம்பளைகளுக்குச் சுரக்குறது இருக்குன்னு அங்கன சொன்னாக. போட்டா ஒடம்பு மாறும்னாக."

"ஒரு நாளைக்கு எத்தனை போடுற?"

"காலையில ரெண்டு, பொழுது சாய ரெண்டு. கூடக் கெடச்சா கூடப் போடுவேன்."

"அடிப்பாவி."

"ரெண்டு வருசமாப் போடுறேன், ஒண்ணும் பண்ணல. மொதல்ல நெஞ்சு வலிச்சுச்சு, அப்புறம் சதை வச்சுச்சு. தோலு மெத்துன்னு ஆயிருச்சு. முன்னல்லாம் கண்ணாடி இருக்குற பக்கமே போக மாட்டேன் நர்சம்மா. இப்ப நின்னு பாக்குறேன்."

சொல்லும்போது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, உதட்டில் சிரிப்பு. நான் கொடுத்த மாத்திரையை இவ்வளவு சந்தோஷமாகப் போட்டுக்கொண்ட ஒரு ஆளை என் வேலையில் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அமலாவை உட்காரச் சொன்னார். அவள் உட்கார்ந்த பிறகு தான் உட்கார்ந்தார்.

"பேர் என்ன?"

"அமல்ராஜ்."

"வீட்டுல, தெருவுல எப்படிக் கூப்பிடுவாங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். "அமலா."

ஓ.பி. சீட்டில் அமலா என்று எழுதினார். ரத்த அழுத்தம் பார்த்தார். கண்ணில் மஞ்சள் இருக்கிறதா என்று பார்த்தார். வயிற்றை அழுத்திக் கல்லீரலைப் பார்த்தார். பீடி உண்டா, தலைவலி உண்டா, கண் மங்குகிறதா, காலில் வலி வருமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பீடி உண்டு. போட்டில் பழகியது. அதன் பிறகு டாக்டர் சொன்னது எனக்கு இன்றும் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"அமலா, நீங்க தேடுற மருந்து இந்த மாத்திரைக்குள்ள இருக்கு. ஆனா இது உங்களுக்காகச் செஞ்ச மாத்திரை இல்ல. நாலஞ்சு போட்டா சீக்கிரம் மாறும்னு இல்ல, ரத்தம் உறைஞ்சு கட்டிக்கும். முறையா ஆரம்பிச்சா ரத்தம் சோதிச்சு, கொஞ்சமாத் தொடங்கி, ஆம்பிளைச் சுரப்பு குறையவும் மருந்து குடுப்பாங்க. மெல்லத்தான் மாறும். குரல் மாறாது, தாடி நிக்காது. இதெல்லாம் புத்தகத்துல படிச்சது. எனக்குக் குடுத்துப் பழக்கம் இல்ல. பழக்கம் உள்ளவங்களத் தேடுறேன். அதுவரைக்கும் தினம் ஒண்ணே ஒண்ணு. பீடி அறவே கூடாது."

"ஒண்ணு மட்டும் போட்டா, போனதெல்லாம் திரும்பிறாதே டாக்டர்?" அமலாவின் பயமெல்லாம் அதில்தான் இருந்தது.

"திரும்பாது. பொறுங்க."

அந்தம்மாள் தேடினார். ஒரு டாக்டர், மனநோய்ப் பிரிவுக்கு அனுப்பு என்று பதில் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுவிட்டு வந்து எங்களிடம் "அப்படியாம்" என்றார். அந்த ஒரு தடவைதான் அவர் குரல் உயர்ந்து கேட்டேன். பிறகு மதுரையில் சுரப்பி வைத்தியம் பார்க்கும் பெரிய டாக்டர் ஒருவர் சம்மதித்தார். மாதா கோயில் திருநாள் முடிந்த அடுத்த வாரம் கூட்டிவரச் சொன்னார். அமலாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இதற்கிடையில் நான் கருவாட்டுக் கரைக்குப் போய், இனி ஒருத்தரும் அமலாவுக்கு மாத்திரை கொடுக்கக்கூடாது, நாங்களே அளவாகக் கொடுத்துக்கொள்வோம் என்று விளக்கிச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். முன்பு நான் மாத்திரை கொடுத்தபோதும் இப்படித்தான் தலையாட்டினார்கள். முகத்துக்கு நேரே ஒருத்தருக்கு இல்லை என்று சொல்ல அந்தத் தெருவில் யாருக்கும் வராது. எனக்கே சொல்லாதவர்கள் அமலாவுக்கா சொல்வார்கள்?

அந்த வருடத் திருநாளுக்கு லூர்தம்மாள் ஒரு நீலச் சேலை வாங்கியிருந்தாள். "தேர் அன்னிக்கு இதக் கட்டிக்கிட்டு எங்கூட வா. ஆரு என்ன பேசுறாகன்னு நான் பாத்துக்கிறேன்" என்று பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாள். இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. ரவிக்கைக்கு அளவு கொடுத்தாகிவிட்டது. ரவிக்கை நன்றாக எடுத்து நிற்க வேண்டும், அன்றைக்கு ஒரு குறை இருக்கக்கூடாது என்று அமலாவுக்கு ஆசை. வீடு வீடாகப் போய்ப் பழைய அட்டைகளைக் கேட்டிருக்கிறாள். திருநாள் அதுவுமாகக் கேட்கிறாளே என்று ஒவ்வொருத்தியும் மூலையில் கிடந்ததைத் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அத்தனையும் பிரியத்தில் கொடுத்தது. இதில் யாரை நான் குற்றம் சொல்ல?

கொடியேறிய மறுநாள் காலை ஆள் வந்து கூப்பிட்டது. நான் போனபோது அமலா பாயில் கிடந்தாள். இடது கால் கெண்டைச்சதை வீங்கிப் பளபளவென்று இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் காய்ச்சிய வேப்பெண்ணெயைக் கையில் ஊற்றி உருவிவிட உட்கார்ந்திருந்தாள்.

"தொடாத! கையை எடு!"

என் சத்தத்தில் எண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்தது. காலை ஆட்டாமல் கட்டிலில் தூக்கிப் படுக்க வைத்து, ஆள் அனுப்பி டாக்டரை வரவழைத்தேன். வந்தவர் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தார். முழங்கால் சில்லுக்குக் கீழே ஒரே இடத்தில் பேனாவால் இரண்டு காலிலும் கோடு போட்டு அளந்தார். இடது கால் நான்கு சென்டிமீட்டர் அதிகம். இன்னொரு முறை அளந்தார்.

"ரத்தம் கட்டியிருக்கு. அங்கிருந்து நெஞ்சுக்குப் போச்சுன்னா காப்பாத்த முடியாது. உடனே மதுரைக்குக் கொண்டுபோகணும்."

அமலா டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தேர் முடிஞ்சு போவோம் டாக்டரம்மா. ஒங்க கால்ல விழுகுறேன்."

"அமலா, தேர் அடுத்த வருஷமும் வரும்."

ஜீப்பின் பின்பக்கம் படுக்க வைத்துக் கொண்டுபோனோம். லூர்தம்மாள் எதற்கு என்று தெரியாமலே அந்தச் சேலைப் பையையும் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டாள். பாம்பன் பாலத்தில் போகும்போது அமலா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். நானும் கடலைப் பார்க்கவில்லை.

மதுரையில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். உறைந்த ரத்தம் கரைய ஊசி போட்டார்கள். அதற்காக அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் டாக்டர் அமலா என்று எழுதி அனுப்பியதை அடித்து அமல்ராஜ் என்று எழுதி, ஆண்கள் வார்டில் போட்டார்கள். அங்கே பெண் துணைக்கு இருக்கக்கூடாது என்று லூர்தம்மாளை வெளியே அனுப்பிவிட்டார்கள். வருகிறவன் போகிறவன் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தான். அமலா அந்தக் கோடை வெக்கையிலும் போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தாள். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

தேர் அன்று லூர்தம்மாள் வராந்தாவில் சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் காப்பி வாங்கிக்கொண்டு போனேன்.

"மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டேன் நர்சம்மா. பிள்ளையப் பொழைக்க வச்சிரு தாயே, இனி நானும் சரி அதுவும் சரி, இந்தச் சேலைப் பேச்சையே எடுக்க மாட்டோம்னு."

"ஏன்க்கா இப்படி நேர்ந்தீக? சேலையா ரத்தத்தக் கட்ட வச்சுச்சு?"

"எங்கிட்ட வேற என்ன இருக்கு குடுக்க?"

காப்பியை ஆற்றி அவள் கையில் கொடுத்தேன்.

பிழைத்து வந்த அமலாவுக்கு அந்த மாத்திரையில் ஒன்றுகூட இனி ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு தடவை ரத்தம் கட்டியவளுக்குத் தன்னால் எதுவும் தர முடியாது என்று பெரிய டாக்டரும் கையை விரித்துவிட்டார். தெருப் பெண்கள் இந்த முறை பயந்துபோய் உண்மையாகவே நிறுத்திக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் அவள் தோல் முரடானது. தாடி அடர்ந்தது. "போனது திரும்பி வருது நர்சம்மா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அம்மாவின் நேர்ச்சைக்காகச் சட்டை கைலியிலேயே இருந்தாள். மறுபடியும் கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்டாள் என்று லூர்தம்மாள் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

டாக்டர் வசந்தகுமாரிக்கு மாற்றல் வந்தது. போகும் முன் என்னையும் அமலாவையும் கூப்பிட்டார்.

"இதே மருந்து தோல்ல போட்டுக்குற மாதிரி வெளிநாட்டுல இருக்கு. அதுல ரத்தம் கட்டுறது கம்மியா இருக்கலாம்னு நினைக்கிறாங்க. ஒருநாள் இங்கயும் வரும். வந்தா அமலாவுக்குச் சொல்லுங்க, முத்துலட்சுமி." டேப்பை எடுத்து என் கையில் கொடுத்தார். "அளக்காம எதையும் சொல்லாதீங்க."

அதிலிருந்து வேதக்கோயில் தெருவுக்குச் சொட்டு மருந்து கொடுக்கப் போனாலும், தடுப்பூசிக்குப் போனாலும், அமலா கருவாட்டுக் கரையிலிருந்து எழுந்து வந்து வழியில் நிற்பாள். ரத்தம் கட்டிய அந்தக் கால் முழுசாக வீக்கம் வடியவில்லை, இழுத்து இழுத்துத்தான் வருவாள்.

"அந்த மருந்து வந்துருச்சா நர்சம்மா?"

"இன்னும் வரல அமலா."

"சரி."

நானும் சும்மா இருக்கவில்லை. எங்களுக்கு வந்த ஒவ்வொரு டாக்டரிடமும் கேட்டேன். கூட்டத்துக்கு மதுரை போனால் அங்கே கேட்டேன். ராமநாதபுரத்து மருந்துக் கடைகளில் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. "அதெல்லாம் நமக்கெதுக்கும்மா?" என்றுதான் சொன்னார்கள். வருடங்கள் போயின. என் தலை நரைத்தது, அவளுக்கும் காதோரம் நரைத்தது. கேட்பதை மட்டும் அவள் விடவில்லை.

லூர்தம்மாள் போன வருடம் இறந்துபோனாள். நேர்ச்சை அவளோடு முடிந்தது என்று தெருப் பெண்கள் சொல்லியும் அமலா சேலையைத் தொடவில்லை.

செல்வி போன் செய்த பிறகு ஒரு நாள் மூவருமாக மதுரைக்குப் போனோம். நான், அமலா, மாத்திரை கேட்டு வந்த அந்தப் பெண். அவள் பெயர் மெர்சி. இதற்கென்றே வைத்தியம் பார்க்கும் இளம் டாக்டர் ஒருவர் இப்போது அங்கே இருக்கிறார். செல்விதான் விசாரித்துச் சொன்னாள். அவர் மெர்சியிடம் பெயரைக் கேட்டார். ரத்தம் சோதிக்க எழுதினார். மெல்லத்தான் மாறும், பொறுமை வேண்டும், சொன்ன அளவுக்கு மேல் ஒரு துளி கூடாது என்றார். எங்கள் டாக்டரம்மாள் என்றைக்கோ சொன்ன அதே பேச்சு. அமலா ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் தன் இடது காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, தன் கதையைச் சுருக்கமாகச் சொன்னாள்.

"உங்களுக்கு வாயில போடுற மாத்திரை ஆகாது. ஜெல் பாக்கலாம். காலை ஸ்கேன் எடுத்து, ரத்தமும் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் டாக்டர்.

"ஜெல்லுன்னா?"

"தோல்ல தடவுறது."

அமலா என் பக்கம் திரும்பவில்லை. டாக்டரையே பார்த்துக் கேட்டாள். "அது எப்ப வந்துச்சு டாக்டர்?"

அவர் சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னார். "அதுவா? அது வந்து பல வருஷம் ஆச்சே."

மெர்சியை ரத்தம் எடுக்கக் கூப்பிட்டார்கள். நாங்கள் இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். "அமலா, நான் கேக்காத ஆள் இல்ல..." என்று ஆரம்பித்தேன், முடிக்க வரவில்லை.

அவள் என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"விடுங்க நர்சம்மா. வந்தது தெரிஞ்சிருந்தாலும் நான் போட்டிருக்க மாட்டேன். அம்மா நேர்ந்துக்கிச்சுல்ல?"

உள்ளேயிருந்து "அமலா யாரு? அமலா!" என்று கூப்பிட்டார்கள். எழுந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, காலை இழுத்து இழுத்து உள்ளே போனாள்.

எனக்காகத்தான் அப்படிச் சொன்னாள். அத்தனை வருடமும் என் வழியில் வந்து நின்று, "அந்த மருந்து வந்துருச்சா நர்சம்மா?" என்று கேட்டவள் அவள்தான்.